இருபத்தெட்டு ரிங்

மே 4, திங்கள்

பிரிஸ்கா கண்ணாடி போட்டிருக்கிறாள். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது முதலில் அதுதான் கண்ணில் பட்டது. முடியைக் குறைத்திருந்ததையும் தோள்பையில் கல்லூரிப் பெயர் இருந்ததையும் பிறகுதான் பார்த்தேன். மெல்லிய தங்க நிற ஃபிரேம். அவளுக்கு நன்றாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

"ஏட்டி ஜெனோ, எளச்சிட்டியே" என்று கட்டிக்கொண்டாள். நான் இளைக்கவில்லை. அவள் பூசினாற்போல் ஆகியிருக்கிறாள்.

கஸ்பார் மாமாவின் மகள். என்னைவிட மூன்று மாதம் சிறியவள். ஒன்பதாவது வரை எங்களுக்கு ஒரே பெஞ்சு. கணக்கை என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த வருஷம் நான் பத்தாவதில் பாதியில் நின்றேன். அவள் சென்னைக்குப் போய் விஸ்காம் சேர்ந்து முதல் வருஷம் முடித்துவிட்டாள். நான் மாமா கடையில் இருக்கிறேன். மாமா பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கிச் சரிசெய்து வெளியூர்க்காரர்களுக்கு விற்கிறார். தூசி துடைப்பது, பார்சல் கட்டுவது, ஃபிலிம் கழுவும் தொட்டியை அலம்புவது என் வேலை. மற்ற வேலைகளை யாரும் என்னிடம் சொன்னதில்லை. செய்து வைத்தால் யார் செய்தது என்று கேட்பதுமில்லை.

இன்று இரண்டு பார்சல். சாயங்காலம் அத்தைக்கு விளைமீன் ஆய்ந்து கொடுத்தேன். நடுத்துண்டு இரண்டும் பிரிஸ்காவுக்கு.

மே 5, செவ்வாய்

வசுமதி மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார். புகைப்படக்காரர். மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் எனக்கு எல்லாம் கேட்கும்.

உப்பளத் தொழிலாளர் வீடுகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறாராம். வீடுகளை வெளியிலிருந்து அல்ல, உள்ளே நின்று எடுக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை, பின்னால் நகர இடம் இல்லை, வைட் லென்ஸ்தான் சரி. அவரிடம் ஒரு பழைய இருபத்தெட்டு எம்எம் லென்ஸ் இருக்கிறது. திருகி மாட்டும் வகை. நேற்றே கூரியரில் வந்துவிட்டது, பிரித்ததும் நான்தான். அதற்கு எந்தக் கேமரா பொருந்தும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாமாவிடம் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் அந்த வீடுகளுக்குள் ஒரு ரோல் எடுத்து வைத்தால், பதினைந்தாம் தேதி வந்து பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வார்.

"இன்னொண்ணு சார். வீட்டுக்குள்ள போறதால கூட ஒரு பொண்ணு வேணும். ஃபிலிம் மாட்டத் தெரியணும், கேமராவப் பத்திக் கொஞ்சம் புரியணும். ஒன்றரை மாசம். அப்பப்ப அவளையும் எடுக்கச் சொல்வேன். யாராவது இருக்காங்களா?"

காது சுட்டது. துடைத்து முடித்த லென்ஸ் மூடியை மறுபடி துடைத்தேன்.

"எதுக்கு வெளிய தேடணும்? எம்மவளே இருக்கா மேடம்" என்றார் மாமா.

"அப்ப அந்த மூணு ரோலையும் அவங்களே எடுக்கட்டும். பார்த்துட்டு முடிவு பண்றேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்தேன்.

"ஜெனோ, டீ சொல்லு."

சொன்னேன்.

மே 6, புதன்

மாமாவின் கேமராக்கள் ஒன்று ரஷ்யா, ஒன்று ஜெர்மனி, ஒன்று ஜப்பான், மூன்றும் ரேஞ்ச்ஃபைண்டர். இந்த வகையில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். ஜன்னலின் நடுவில் ஓர் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கும். ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஃபோகஸ். படத்தில் எவ்வளவு இடம் விழும் என்பதை ஜன்னலுக்குள் ஒரு வெள்ளைக் கோடு கட்டம் போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை நம்பித்தான் எடுக்க வேண்டும். லென்ஸ் பார்ப்பது வேறு, நாம் பார்ப்பது வேறு.

ரஷ்யாக்காரனில் லென்ஸ் நேராகத் திருகிக்கொள்ளும். ஆனால் அவன் ஜன்னல் வைட் லென்ஸுக்கானது இல்லை. தலையில் தனி ஃபைண்டர் செருக வேண்டும். ஒரு ஓட்டையில் ஃபோகஸ், இன்னொரு ஓட்டையில் கட்டம். ஃபிலிமின் முனை நாக்கை நீளமாக வெட்டினால்தான் உள்ளே விடுவான். ஃபிலிமை ஓட்டிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முன்னால் மாற்றினால் உள்ளே பல் உடையும்.

ஜெர்மன்காரி அழகி. ஃபோகஸ் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. ஆனால் அவளுடைய கோடு முப்பத்தைந்தோடு முடிகிறது. அவளுக்கும் தனி ஃபைண்டர்தான்.

ஜப்பானில் மட்டும் இருபத்தெட்டுக்கான கோடு ஜன்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே இடத்தில் கண் வைத்தால் போதும். ஒரு குறை, கோடு ஜன்னலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி போட்டவர்களுக்கு நான்கு பக்கமும் சேர்ந்தாற்போல் தெரியாது. நான் கண்ணாடி போடுவதில்லை.

ஜெர்மனிலும் ஜப்பானிலும் திருகு லென்ஸை மாட்ட இடையில் ஒரு ரிங் வேண்டும். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. இருபத்தெட்டு என்று பொறித்த ரிங்கைப் போட்டால் ஜப்பான் இருபத்தெட்டுக் கோட்டைக் காட்டும். ஐம்பது ரிங்கைப் போட்டால் அதே ஜன்னலில் சின்னக் கட்டம்தான் வரும். ஆனால் லென்ஸுக்கு ரிங் தெரியாது. அது எடுப்பதை எடுக்கும். கோடு மட்டும்தான் ஏமாறும்.

மாமா இதையெல்லாம் இன்று பிரிஸ்காவுக்குச் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு. கடைசியில், "ரிங்கு கிங்கெல்லாம் நீ மண்டையில ஏத்தாத. ஜெனோ மாட்டித் தருவா" என்றார்.

பிரிஸ்கா போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

மே 8, வெள்ளி. ரஷ்யாக்காரன்.

உப்பளக் குடியிருப்பு. முத்துக்கிளி அக்கா வீடு. விடியும் முன்னே உப்பு வாறப் போய்விட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினார். ஒரே அறைக்குள் அடுப்பு, கட்டில், அரிசி டிரம், சைக்கிள் எல்லாம் இருந்தன.

பிரிஸ்கா செருப்பைக் கழற்றியதும் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். "என்னக்கா குழம்பு, வாசம் தெருவரைக்கும் வருது" என்றாள். அவ்வளவுதான், அக்கா அவளை வெகுநாள் தெரிந்தவள்போல் பார்த்தார். எனக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

"ஒனக்கும் கண்ணாடியாம்மா? எங்களுக்கும் குடுத்தாவ, கருப்புக் கண்ணாடி. உப்பு வெள்ளையில கண்ணு போயிருமாம். போட்டா உப்பு தெரியல, கழத்துனா கண்ணு தெரியல" என்றார் அக்கா. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். "நீங்க அதப் போட்டுட்டு நில்லுங்கக்கா, ஹீரோயினி மாதிரி இருக்கும்" என்றாள் பிரிஸ்கா. அதற்கும் சிரித்தார்கள்.

என் வேலை கையில் மீட்டர் வைத்து வெளிச்சம் பார்ப்பது. அக்கா முகத்தருகே மீட்டரை நீட்டி எண்ணைச் சொல்லிவிட்டு விலக வேண்டும். தனி ஃபைண்டரில் எல்லாம் தெரிகிறது. "ஜெனோ, தள்ளு. இன்னும் தள்ளு. ஒன் கை தெரியுதுட்டி. சுவரோட ஒட்டு. இல்ல, எம்பின்னால வந்துரு." பதினோரு தடவை. எண்ணினேன்.

ஒரு தடவை ஃபிலிமை ஓட்டாமலே வேகத்தைத் திருப்பப் போனாள். "ஓட்டிட்டு மாத்து" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்காகச் சொல்லவில்லை. ரஷ்யாக்காரனின் பல்லுக்காகச் சொன்னேன்.

திரும்பும்போது அக்கா பிரிஸ்காவுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எனக்கும்தான். அவளுக்கு முதலில்.

மே 9, சனி. ஜெர்மன்காரி.

இன்று பதினான்கு தடவை.

தனி ஃபைண்டர் கண்ணாடியில் இடிக்கிறது என்று பிரிஸ்கா முனகினாள். கோணலாகப் பிடித்தாள். இரண்டு இடத்தில் கட்டம் பார்த்துவிட்டு ஃபோகஸை மறந்தாள். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

"இந்த வைட் லென்ஸே பிடிக்கலட்டி. எங்க பாத்தாலும் என்னமாது உள்ள வந்துருது. எத விட, எத எடுக்க?" என்றாள் பஸ்ஸில். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜெர்மன்காரி என் மடியில் இருந்தாள். யாரும் பார்க்காதபோது ஜன்னலோரம் ஒரு தடவை கண் வைத்துப் பார்த்தேன். ஷட்டரை அமுக்கவில்லை. அது அவள் ரோல்.

மே 10, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் அத்தை நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். "மெட்ராஸ்லேருந்து பெரிய போட்டோக்காரம்மா வாறாவ. எம் புள்ளைய கூடக் கூட்டிட்டுப் போறாவ. புத்தகத்துல பேரு வரும்." நான்காவதாக நின்றவர் என்னைக் காட்டி, "இவளும் கடையிலதான இருக்கா?" என்று கேட்டார். "இவ இருக்கதே தெரியாது. அவ்வளவு அமரிக்கை" என்றார் அத்தை. பாராட்டித்தான் சொன்னார்.

சாயங்காலம் கடையைத் திறந்து நாளைக்கு வேண்டியதை எடுத்து வைத்தேன். ஜப்பானுக்குப் புது பேட்டரி. ஃபிலிம் ஒரு ரோல். லென்ஸைத் துடைத்தேன். கரண்ட் இல்லை. கைக்கு எந்த ரிங் வந்ததோ அதை மாட்டினேன்.

மே 11, திங்கள். ஜப்பான்.

பிரிஸ்கா கண் வைத்துப் பார்த்ததும், "அப்பாடா, இதுல கோடு முழுசாத் தெரியுதுட்டி. கண்ணாடி இடிக்கவே இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கட்டம் ரொம்பச் சின்னதா இருக்கே. இதான் இருபத்தெட்டா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். நான் எப்படி ஆட்டினாலும் எல்லோரும் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏழு வீடு. கட்டம் சின்னதாக இருந்ததால் அவளுக்குக் குழப்பம் இல்லை. ஆட்களின் முகத்தை மட்டும் பார்த்தாள், அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தாள், எடுத்தாள். முத்துக்கிளி அக்கா அவளிடம், இறந்துபோன மகனின் சட்டையை டிரம்முக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். என்னிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? நான் மீட்டரை நீட்டி எண் சொல்லிவிட்டு இரண்டு எட்டு விலகி நின்றேன். டிரம் அருகே, கட்டில் கால் அருகே, எங்கெங்கேயோ.

இன்று அவள் ஒரு தடவைகூடத் தள்ளு என்று சொல்லவில்லை.

மே 12, செவ்வாய்

என் பழைய ஜாமெட்ரி பாக்ஸை அசைத்தால் சத்தம் வருகிறது. உள்ளே பஞ்சு வைத்தேன்.

மே 13, புதன்

மாமா மூன்று ரோலையும் டெவலப் செய்தார். கழுவித் தொங்கவிட்டது நான். ஜப்பான் ரோலைப் பார்க்கவில்லை. வேலை இருந்தது.

மதியம் பிரிஸ்கா கடைக்கு வந்து என் ஸ்டூலில் பாதியில் உட்கார்ந்தாள். "அந்தம்மா என்னைய வேண்டாம்னுட்டா அப்பா மூஞ்சி தொங்கிரும்ட்டி" என்றாள். "ஏன் வேண்டாம்னு சொல்லப் போறாவ?" என்றேன். "காலேஜ்ல என் படம் எதையுமே செவுத்துல மாட்டல. வீட்ல சொல்லிராத. ஒன்னயத் தவிர யாருக்கும் தெரியாது."

பாதி முறுக்கைக் கொடுத்தேன். அவள் தின்றுவிட்டு மீதியையும் எடுத்துக்கொண்டாள்.

மே 14, வியாழன்

தூக்கம் சரியில்லை. பார்சல் இல்லை. தொட்டி அலம்பினேன். மறுபடி அலம்பினேன்.

மே 15, வெள்ளி

வசுமதி மேடம் பத்து மணிக்கு வந்தார். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் கடிகாரம். மாமா நாற்காலியை இரண்டு தடவை துடைத்துப் போட்டார். அத்தை வீட்டிலிருந்து வடை கொண்டுவந்து, போகாமல் நின்றுவிட்டார்.

மேடம் மூன்று ரோலின் கான்டாக்ட் பிரிண்டையும் மேசையில் பரப்பினார். ஒரு தாளில் முப்பத்தாறு சின்னப் படங்கள். அவற்றின்மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.

ரஷ்யாக்காரன் ரோலில், "எல்லாத்தையும் உள்ள கொண்டுவரணும்னு பயந்து பயந்து எடுத்திருக்கீங்க" என்றார். ஜெர்மன்காரி தாளைப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தி வைத்தார். பிரிஸ்கா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

மூன்றாவது தாளில் மேடம் நிமிரவே இல்லை.

"இது யார் எடுத்தது?"

"நாந்தான் மேடம்" என்றாள் பிரிஸ்கா.

"வைட் லென்ஸ் கையில கிடைச்சா எல்லாரும் வீட்டையே முழுங்கப் பார்ப்பாங்க. நீங்க முகத்த மட்டும் பார்த்திருக்கீங்க. வீடு தானா வந்து சுத்தி உக்காந்திருக்கு. இந்தக் கூரைப் புகைக்கறை, ஆணியில தொங்குற ஸ்கூல் பை, இந்த டிரம். எதையும் நீங்க தேடிப் போகல." பூதக்கண்ணாடியை நகர்த்தினார். "எனக்கு ஜப்பான் கேமராவே போதும் சார். இந்தப் பொண்ணும் வரட்டும்."

மாமா சிரித்தார். அத்தை வடைத் தட்டை மேடம் பக்கம் தள்ளினார். அவள் படங்களைக் கெடுக்க நினைத்த கையே அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டது.

முதன்முதலாக இங்கே எழுதிவிட்டேன். கரண்ட் இல்லாததெல்லாம் காரணம் இல்லை. ரிங்கில் எண் பொறித்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும்.

"சரி, இது யாரு?" என்றார் மேடம். "இந்த ஓரத்துல. எல்லாப் படத்துலயும் இருக்காளே."

பிரிஸ்கா குனிந்து பார்த்தாள். "ஏட்டி ஜெனோ, இது நீதானட்டி."

மேடம் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். டிரம் அருகே, கட்டில் கால் அருகே, கதவு மறைவில், கையில் மீட்டரோடு ஒரு பெண். வைட் லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்து நீட்டிவிடும். என் முகமும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. ஆனால் கண்ணை லென்ஸ் இழுக்கவில்லை. வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், சாதம் வடிக்கிறார்கள், பிள்ளைக்குத் தலை வாருகிறார்கள். நான் மட்டும் அவர்களைப் பார்க்கவில்லை. கேமராவைப் பிடித்திருந்தவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு முகம் எனக்கு இருப்பது தெரியாது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வேறு மாதிரி வைத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

லென்ஸ் எவ்வளவு பார்க்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கேயே நின்றிருக்கிறேன்.

"எதுக்குட்டி இப்பிடி மொறைக்க? நான் ஒன் முட்டாயத் தின்ன மாதிரி" என்று பிரிஸ்கா சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள். பிறகு மேடத்திடம் திரும்பினாள்.

"மேடம், ஒண்ணு சொல்லிருதேன். நான் பாத்தப்போ இவ இல்ல. இந்த டிரம்மும் இல்ல, பையும் இல்ல. கட்டத்துக்குள்ள அக்கா மொகம் மட்டுந்தான் இருந்துச்சி. மத்ததெல்லாம் நான் எடுக்கல. தானா வந்துட்டு."

"பிரிஸ்கா, சும்மா இரி" என்றார் மாமா.

மேடம் ஜப்பானை எடுத்தார். கண் வைத்துப் பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டு லென்ஸின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐம்பது ரிங் போட்டிருக்கு. யார் மாட்டினது?"

பிரிஸ்கா என்னைப் பார்த்தாள். தங்க நிற ஃபிரேமுக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அன்று நான் தலையாட்டியதை நினைத்துக்கொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. இதோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன்.

"நாந்தான் மேடம்" என்றாள். "எனக்கு ரிங்கெல்லாம் தெரியாது. மாத்தி மாட்டிட்டேன்."

"அப்ப இருபத்தெட்டு எங்க சார்? எனக்கு அது வேணுமே."

மாமா இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். அத்தையும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பிரிஸ்கா தேடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

நான் உள்ளறைக்குப் போய் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்தேன். மேசையில் வைத்துத் திறந்தேன். பஞ்சைப் பிரித்தேன். மேடம் கையிலிருந்த கேமராவை வாங்கினேன். லென்ஸைக் கழற்றி, ஐம்பது ரிங்கைத் திருகி எடுத்து, இருபத்தெட்டை மாட்டி, லென்ஸைத் திருப்பிப் பூட்டினேன். 'க்ளிக்' என்றது. கேமராவைப் பிரிஸ்காவிடம் நீட்டினேன்.

"கண்ணாடிய நல்லா ஒட்டி வச்சிப் பாரு" என்றேன்.